றோலருக்குப் பின்னால் வந்தவர்கள்

இந்தத் தெருவின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று உங்களில் இரண்டு பேர் வீடு தேடி வந்து கேட்டீர்கள். சந்தோஷம். ஆனால் ஆளைத் தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். எனக்கு ஒரு இடத்தில் இருந்து எழுதத் தெரியாது. காலம் முழுக்கச் சைக்கிளில் திரிந்த உடம்பு, ஓய்வூதியம் கொடுத்தவுடன் ஓய்ந்துவிடுமா? நாலு வரி எழுதுவேன், எழுந்து முற்றத்துக்குப் போவேன், படலையைத் திறந்து தெருவைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். "ஒண்டில் இருங்கோ, ஒண்டில் நடவுங்கோ. எனக்குத் தலை சுத்துது" என்று மனைவி ஏசுகிறாள். ஆகவே இது முன்னுக்குப் பின் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆண்டில் அளந்தார்கள், எத்தனை மதகு, எவ்வளவு அகலம் என்ற விபரமெல்லாம் கந்தோர் அலுமாரியில் கிடக்கும். பூச்சி அரித்தது போக மிச்சத்தை நீங்களே பாருங்கள். அங்கே கிடக்காத ஒன்றைத்தான் நான் சொல்லப்போகிறேன். நீங்கள் தெரு வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்த ஓவசியர்கள். உங்களிடம் ஒரு சிவப்புக் கொடியைத் தந்திருக்கிறார்கள். வேலைக்காகத் தெருவை மூடவும் திறக்கவும் அதிகாரம் தந்திருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை.

நான் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். சுன்னாகத்திலிருந்து சண்டிலிப்பாய்ப் பக்கமாகக் கடலை நோக்கிப் போகிற இரண்டாந்தரத் தெரு. அப்போது தார் கிடையாது. எங்கள் மண்ணின் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி அமர்த்திய வெள்ளைத் தெரு. சித்திரையில் அதில் சைக்கிள் ஓடிவிட்டு வீட்டுக்குப் போனால் தலைமயிர் நரைத்திருக்கும். கார்த்திகையில் முழங்கால்வரை சுண்ணாம்பு அப்பியிருக்கும். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிய மாட்டு வண்டில்கள் சந்தைக்குப் போய்ப் போய் இரண்டு பள்ளம் விழுத்தியிருந்தன. சில்லு ஒருக்கால் பள்ளத்தில் இறங்கினால் சுன்னாகச் சந்தையில்தான் வெளியே ஏறும்.

தெருவுக்கு எதிரி மழை என்று படித்துவிட்டு வந்திருப்பீர்கள். இல்லை, வேலிதான் எதிரி. ஆண்டுக்கு ஆண்டு வேலி அடைக்கும்போது பழைய பூவரசங் கதியாலுக்கு வெளியே புதுக் கதியால் நடுவார்கள். நாலு விரல் அகலம்தான் தள்ளுவார்கள். சில வருடங்களில் ஒரு வண்டில் போகிற இடம் காணாமல் போய்விடும். கேட்டால், "தம்பி, அது தானாய்ச் சரிஞ்சு போச்சுது" என்பார்கள். ஒரு வாத்தியார் எனக்கு விஞ்ஞானமே சொல்லித் தந்தார்: பூவரசு வெளிச்சத்தைப் பார்த்து நடக்குமாம், தெருவில் வெளிச்சம் அதிகமாம். எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில். அந்த வாத்தியாரின் பூவரசை நானே நின்று பிடுங்குவித்தேன். பிறகு இரண்டு வருடம் அவர் என்னோடு கதைக்கவில்லை.

வேலியைப் பற்றிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இனிச் சொல்லப்போவதும் ஒரு வேலியில்தான் தொடங்கியது.

முப்பதுகளின் நடுவில், பஸ் ஓடத் தொடங்கியபின், தார் போடும் வேலை வந்தது. பாதித் தெருவுக்குத் தார் ஊற்றிக் காயவிட்டு, மற்றப் பாதியால் போக்குவரத்தை விடுவது, பிறகு மாறிச் செய்வது. இதுதான் முறை. நான் சொல்லும் ஊரின் பெயரை எழுதமாட்டேன். அங்கே எல்லாருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரு ஒரு வளைவு எடுக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குப் பின்னால், பனங்கூடலுக்குள், கல் உடைக்கிற ஆட்களின் குடியிருப்பு. அவர்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள், நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ள விடமாட்டார்கள். சாதிப் பெயரையும் நான் எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்கு விளங்கும். நான் பிறந்தது மற்றப் பக்கத்தில், தண்ணீர் அள்ளவிடாமல் மறித்த பக்கத்தில்.

இந்தத் தெருவில் நீங்கள் மிதிக்கும் கல்லில் பெரும்பங்கு அந்தக் குடியிருப்பின் ஆண்களும் பெண்களும் உடைத்தது. கந்தன் என்பவர் அவர்களில் ஒருவர். அவருடைய தம்பி செல்லன், தெருவை உருட்டி அமர்த்துகிற எங்கள் றோலருக்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்து நடக்கிறவன். கந்தனின் காலில் கல்லுச் சீவல் ஒன்று ஏறி, புண்ணாகி, ஏற்பு வலி என்கிற வலிப்புக் கண்டுவிட்டது. ஒரு நாள் காலையில் தார்ப் பீப்பாவுக்கு நெருப்பு மூட்டிக்கொண்டு நிற்கும்போது செல்லன் வந்தான்.

"ஐயா, அண்ணை மோசம் போட்டார். பின்னேரம் பிரேதம் எடுக்கிறம். எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இண்டைக்கு வேலைக்கு வராயினம்."

"போ செல்லன், வேலையை நான் பாக்கிறன். தோட்டப் பாதையாலை தானே கொண்டு போவியள்?"

அவர்களுடைய பிரேதம் தெருவால் போவதில்லை. தோட்டங்களுக்குப் பின்னால் ஒரு வரம்புப் பாதை இருந்தது. அந்த வழியால், பறை அடிக்காமல், சுடலைக்குக் கொண்டுபோவார்கள். இது ஒருவரும் எழுதிவைக்காத சட்டம்.

"அந்தப் பாதையைப் புகையிலைத் தோட்டத்தோடை சேர்த்து வேலி அடைச்சுப்போட்டினம் ஐயா. போய்க் கேட்டனாங்கள். வேலிக்கு மேலாலை தூக்கி எறியச் சொல்லுகினம்." செல்லன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். முன்பு ஒருநாளும் அப்படிப் பார்த்தவனல்ல. "நாங்கள் றோட்டாலை போறம். பறையோடை போறம்."

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் விதானையார் வந்தார். விதானை என்றால் அந்த நாளில் ஊருக்குள் அரசாங்கம் அவர்தான். நல்ல மனிதர் என்று பெயர். என்னோடு ஒருநாளும் குரல் உயர்த்திக் கதைத்ததில்லை. அன்றைக்கும் ஒரு ஆளைக்கொண்டு இளநீர் வெட்டுவித்துத் தந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"தம்பி, மற்றப் பாதிக்கும் இண்டைக்கே தாரை ஊத்திவிடுமன்."

"அது நாளைக்கு விதானையார். இண்டைக்கு ஊத்தினால் தெரு முழுக்க மூடிப்போகும்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்." சிரித்தார். "தார் காயுமட்டும் ஒருத்தரும் போகேலாது. நாங்கள் மறிக்கேல்லை. நீர் மறிக்கேல்லை. தார் மறிக்குது. தாரோடை ஆர் சண்டைக்குப் போறது?"

"பிரேதம்?"

"தங்கடை வீட்டு வளவுக்குள்ளை தாட்டுப்போட்டு இருக்கட்டுமன். பொடியள் பொல்லு தடியளோடை நிக்கிறாங்கள் தம்பி. என்னாலை பிடிச்சு வைக்கேலாது. ரத்தம் சிந்தினால் உம்மடை தெருவிலைதான் சிந்தும். ஒரு பீப்பாத் தாரோடை முடியிற அலுவல்."

பிள்ளைகளே, அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நினைக்காதீர்கள். என் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. தார் கொதித்துக்கொண்டிருந்தது. ஊற்றினால் ஒருவருக்கும் அடி விழாது. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லமுடியாது, வேலைதானே செய்தேன். கெட்ட யோசனை கெட்ட முகத்தோடு வந்தால் விரட்டிவிடலாம். இது இளநீரோடு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக்கு ஓடினேன்.

எதற்கு? தபாற்கந்தோரில் தொலைபேசி இருந்தது. யாழ்ப்பாணத்தில் என் எஞ்சினியர் இருந்தார். பெரியவர்கள் எதற்கு இருக்கிறார்கள், கேட்போம் என்று நினைத்தேன். வழியெல்லாம் எதிர்க்காற்று. தபாற்காரரைக் கெஞ்சி, வரிசையில் நின்றவர்களைத் தள்ளி, கடைசியில் அவருடைய குரல் வந்தது. நடந்ததை மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன்.

"நீர்தானே அங்கை நிக்கிறீர். இடத்திலை நிக்கிறவர்தான் முடிவு எடுக்கவேணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னட்டைக் கேட்டனீர் எண்டு ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம்" என்றார். வைத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கருவியைச் சுவரில் அடித்திருப்பேன். இன்றைக்கு யோசித்தால் அவரும் பயந்த மனிதர்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் அவரிடம் அறிவுரை கேட்கப் போகவில்லை. பழியை இறக்கி வைக்க இடம் தேடிப் போனேன். இதை நீங்களும் செய்வீர்கள், எல்லாரும் செய்கிறோம். அந்த நேரத்தில் வேலைத்தலத்தில் இருக்கவேண்டிய ஆள் தபாற்கந்தோரில் நிற்கிறான் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

திரும்பி மிதிக்கும்போது முடிவு வந்தது. யோசித்து வந்ததல்ல. வளவுக்குள் புதைப்பது என்ற பேச்சு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. அந்த மனிதன் உடைத்த கல்லுக்கு மேல் ஊற்றிய தாரால் அவனையே மறிப்பதா? வந்தவுடன் பீப்பாவுக்குக் கீழே எரிந்த நெருப்பை இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன். மற்றப் பாதி திறந்தே கிடக்கட்டும் என்றேன்.

ஆனால் திறந்த பாதியில் எரு ஏற்றிய வண்டில்கள் வரிசையாக நின்றன. மாடுகள் பூட்டியபடி. இரண்டு பக்கமும் பொல்லுகளோடு இளைஞர்கள்.

"அச்சு முறிஞ்சு போச்சுது தம்பி" என்றார் விதானையார். எல்லா வண்டிலுக்கும் ஒரே நேரத்தில் அச்சு முறிகிற அதிசயத்தை அன்றுதான் கண்டேன். வளைவுப் பக்கம் பறை கேட்கத் தொடங்கியது.

என்னோடு மிஞ்சி நின்றது றோலர்ச் சாரதி சவிரிமுத்து ஒருவர்தான். குருநகரில் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. கடல் ஒத்துக்கொள்ளாமல் நீராவி றோலரில் ஏறியவர். தார் ஊற்றியபின் உருட்டுவதற்காக அவர் காலையிலேயே நெருப்புப் போட்டு வைத்திருந்தார். அவரிடம் ஓடினேன்.

"சவிரி, நீராவி கிடக்கே?"

"கிடக்கு. எங்கை போகவேணும்?"

"வளைவிலை இருந்து சுடலை ஒழுங்கை மட்டும். திறந்த பாதியாலை. கல்லு இன்னும் அமரேல்லை."

சவிரிமுத்து என்னைப் பார்த்தார். "கல்லு நேற்றே அமர்ந்து போச்சு, ஓவசியர்."

"இண்டைக்கு இன்னும் அமரவேணும்."

அவர் வண்டில்களைப் பார்த்தார், பொல்லுகளைப் பார்த்தார், பறை கேட்ட திசையைப் பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "செல்லன் இல்லையே. கொடியில்லாமல் நான் இதை அசைக்கமாட்டன். ஆளிலை ஏறினால் தூக்கிலை தொங்கிறது நான்."

"கொடி நான் பிடிக்கிறன்" என்றேன்.

நீராவி றோலர் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது, அதெல்லாம் இப்போது இல்லை. மனிதன் நடக்கிற வேகம்தான். பிரேதம் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் வேகமும் அதுதான். றோலர் வளைவில் ஏறித் திரும்பும்போது பாடை வந்துவிட்டது. முன்னால் செல்லன், கையில் கொள்ளிச்சட்டி. அவனுடைய கொடி என் கையில் இருப்பதைக் கண்டு நின்றான்.

"றோலருக்குப் பின்னாலை வாருங்கோ" என்றேன். "இடைவெளி விட்டுப்போட்டு நிக்காதேங்கோ."

நடந்தேன். பயம் என்றால் பயம். வண்டில்களுக்குக் கிட்டப் போனதும் விதானையார் தெருநடுவில் வந்து நின்றார்.

"தம்பி, என்ன உது?"

"வேலை, விதானையார். நான் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகேல்லை. றோலர் போகுது. றோலரோடை ஆர் சண்டைக்குப் போறது?"

அவர் சொன்னதை அவருக்கே கொடுத்தேன். அது அவருக்கு விளங்கியது. அவருடைய முகம் கறுத்தது. அந்த நேரம் சவிரிமுத்து ஊதலை இழுத்தார். அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும், பூட்டி நின்ற மாடுகள் வெருண்டு, அச்சு முறிந்த வண்டில்களை இழுத்துக்கொண்டு ஓடின ஓட்டம்! எரு எல்லாம் தெருவில். பொல்லுக்காரர்கள் மாட்டுக்கு விலகி, ஈரத் தாருக்குள் குதித்தார்கள். ஒருவர் வழுக்கி விழுந்து, வேட்டி தாரோடு ஒட்டி, எழும்பமுடியாமல் கிடந்தார். தார் காயுமட்டும் ஒருவரும் போகமுடியாது என்று விதானையார் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

எங்கிருந்தோ ஒரு கல் வந்து றோலரின் இரும்பில் மோதியது. பறை நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை சுற்றிய பாடை. அதன் பின்னால் என் கல் உடைக்கிற ஆட்கள் எல்லாரும். தூரத்தில், வளைவோடு நின்றுவிட்ட பெண்கள். செல்லன் நேரே என்னைப் பார்த்தபடி நடந்து வந்துகொண்டிருந்தான். பறை மறுபடியும் தொடங்கியது. சுடலை ஒழுங்கை வரும்வரை நிற்கவில்லை.

இதோடு கதை முடிந்தால் நான் பெரிய வீரன். நீங்களும் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் முடியவில்லை.

விதானையார் முறைப்பாடு கொடுத்தார். எஞ்சினியர் வந்து, அவரையும் வைத்துக்கொண்டு, தெருவோரத்திலேயே என்னை விசாரித்தார். பிரேதத்துக்கு நீர் கொடி பிடித்துக்கொண்டு போனீரா என்று கேட்டார். நான் ஆயத்தமாக இருந்தேன்.

"நான் றோலருக்குக் கொடி பிடிச்சனான். பின்னாலை ஆர் வந்ததெண்டு எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கேல்லை."

எஞ்சினியரின் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்க்கவேண்டும்! அத்தோடு முறைப்பாடு முடிந்தது. பெரியவர்கள் சொல்லிவைத்ததால் ஊரில் எனக்கு முடிவெட்ட ஆள் வரவில்லை. சைக்கிளில் யாழ்ப்பாணம் போய் வெட்டிக்கொண்டேன். மற்றபடி ஒரு கீறல் இல்லாமல் தப்பினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

தார் வேலை முடிந்து றோலரைத் தென்மராட்சிப் பக்கம் கொண்டுபோனபின், மாரி தொடங்குவதற்கு முன், செல்லன் என்னைத் தேடி வந்தான்.

"அம்மா கடுமையாய்க் கிடக்கிறா ஐயா. இனி எழும்பமாட்டா."

எனக்கு உடனே மூளை ஓடத் தொடங்கிவிட்டது. "றோலர் போட்டுதே செல்லன். பொறு, மதகுத் திருத்த வேலை ஒண்டு கிடக்கு, அதைச் சாட்டாய் வைச்சு..."

"அம்மாவுக்கு றோலர் வேண்டாம் ஐயா."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அடித்த மாதிரி இருந்தது.

"கோட்டிலை வழக்குப் போட்டிருக்கிறம்" என்றான். "றோட்டாலை போறதுக்குப் பாதுகாப்புக் கேட்டிருக்கிறம். அவையின்ரை வழக்குப் பேசிற பிரக்கிராசி சொல்லுறார், உந்த றோட்டாலை எங்கடை பிரேதம் ஒருநாளும் போனதில்லை, வழக்கமில்லை எண்டு. ஒருக்கால் போனது எண்டு நாங்கள் சொன்னால் எடுபடாது. நீங்கள் முன்னுக்குப் போனனீங்கள்."

"நான் திரும்பிப் பார்க்கேல்லை எண்டு விசாரணையிலை சொல்லிப்போட்டனே."

"ஓம் ஐயா. கேள்விப்பட்டனாங்கள்." போகத் திரும்பினான். "நீங்கள் திரும்பிப் பார்க்கேக்கை நான் உங்களைப் பார்த்தனான்."

போய்விட்டான். அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை எப்படி எழுத? பாருங்கள், இந்த இடத்தில் எழுந்து படலைவரை போய் வந்துவிட்டேன். அன்று என் தோலைக் காப்பாற்றச் சொன்ன அந்த ஒரு வசனம் இப்போது அவர்களுடைய வாசலில் பூட்டாகத் தொங்கியது. அதே வசனத்தைக் கோட்டில் சொன்னால் அந்த ஊர்வலம் நடக்கவே இல்லை என்றாகிவிடும். மாற்றிச் சொன்னால், மேலதிகாரிக்குப் பொய் சொன்னவன் என்று நானே ஒப்புக்கொள்வதாகும். உத்தியோகம் போகலாம். எனக்குக் கலியாணமாகிப் புதிது; நான் ஓவசியர் என்று பார்த்துத்தான் மாமனார் பெண் தந்தவர். வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடந்தேன்.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "உண்மையைச் சொல்லுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன், எனக்கும் பயம்தான். ஆனால் பொய்யைச் சொல்லிப்போட்டு வந்து ஆயுசு முழுக்க இஞ்சை நடந்து திரியாதேங்கோ. என்னாலை பார்க்கேலாது."

என்னைச் சாட்சிக்கு அழைத்த நாளில் கோடு நிறைந்திருந்தது. ஒரு பக்கம் விதானையாரும் ஊர்ப் பெரியவர்களும். வெளி விறாந்தையில் செல்லனும் அவனுடைய ஆட்களும். உள்ளே அவர்களுக்கு இருக்க ஒரு வாங்கு இல்லை. விதானையார் பக்கத்துப் பிரக்கிராசியார் என்னிடம் மிகவும் அன்பாகக் கேட்டார். நான் அவருக்குச் சாதகமாகச் சொல்வேன் என்று நம்பியிருந்தார்.

"உமக்குப் பின்னாலை ஆர் வந்தது எண்டு தெரியாது, திரும்பிப் பார்க்கேல்லை எண்டு உம்மடை எஞ்சினியருக்குச் சொன்னீரோ?"

"சொன்னனான்."

"அது சரிதானே?"

"இல்லை. அது பொய்."

அவர் கையில் இருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மறுபடி பார்த்தார். நீதவான் நிமிர்ந்தார். அப்போ பின்னால் வந்தது யார் என்று அவரே கேட்டார்.

"கந்தன் எண்ட கல்லுடைக்கிறவற்றை பிரேதம், ஐயா. பறைமேளத்தோடை வந்தது. தெருவாலை வந்தது. திரும்பிப் பார்த்தனான். கொடி பிடிச்சு முன்னுக்குப் போனது நான்தான்."

சொல்லி முடிக்கும்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விதானையார் என் பக்கம் பார்க்கவே இல்லை. நான் படியிறங்கிப் போகும்போது செல்லன் ஒதுங்கி வழிவிட்டான், அவ்வளவுதான். நன்றி சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னதற்கு என்ன நன்றி?

தெரு எல்லாருக்கும் உரியது, மறிக்கக்கூடாது, பொலிஸ் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்று கட்டளை வந்தது. எனக்கு வேறொரு கட்டளை வந்தது. விசாரணையில் பொய் சொன்னதற்காகச் சம்பள உயர்வை நிறுத்தி, பூநகரிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். பொய் சொன்னது உண்மைதானே. உப்புக் காற்று, நுளம்பு, வெள்ளம் வந்தால் மூழ்கிப்போகும் ஒரு தெரு. இங்கே, இந்தத் தெருவில், செல்லனின் தாயார் கிடக்கிறாளா, போய்விட்டாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? அந்த மாரி முழுவதும் என்னால் இருப்புக்கொள்ளவில்லை. சட்டம் கோட்டில் ஒன்று சொல்லும். வளைவில் பொல்லு வேறொன்று சொல்லும். அவர்களை நம்பவைத்து அடிவாங்க விட்டுவிட்டேனோ என்று நினைத்து நினைத்துச் செத்தேன்.

அடுத்த கோடையில் றோலரோடு சவிரிமுத்து பூநகரிக்கு வந்து சேர்ந்தார். றோலர் நிற்கமுன்னம் நான் அதில் தொற்றி ஏறிவிட்டேன்.

"சவிரி, செல்லன்ரை தாய்?"

"மனிசி மாசியிலை செத்துப்போச்சு. நான் அண்டைக்குப் பஸ்ஸிலை அந்தப் பக்கம் போனனான். வளைவிலை பஸ் நிண்டுது. எட்டிப் பார்த்தால் பறை, பாடை, முன்னாலை செல்லன்."

"பொல்லுக்காரர் நிண்டவையோ?"

"காணேல்லை."

"பொலிஸ்?"

"ரெண்டு பேர் நிண்டு சுருட்டுப் பத்தினவை. விதானையார் தன்ரை படலையிலை நிண்டு பார்த்தார். பிறகு உள்ளுக்குப் போட்டார்."

"முன்னாலை ஆர் போனது? வழி ஆர் விலத்தினது?"

"ஒருத்தரும் இல்லை, ஓவசியர். கொடியுமில்லை, ஒண்டுமில்லை. றோட்டாலை போச்சினம்." அவருக்கு என் அவசரம் விளங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஞாபகம் வந்தவராகச் சொன்னார்: "பஸ்ஸுக்குள்ளைதான் ஒரே சத்தம். செத்தவீட்டுக்குப் பின்னாலை ஊர்ந்து ஊர்ந்து போகவேண்டிக் கிடக்கு, சந்தைக்குப் பிந்திப் போச்சுது எண்டு எல்லாரும் ஏசினவை."

"அதுக்குத்தான் ஏசினவையோ? பிந்தினதுக்கு?"

"வேறை என்னத்துக்கு?"

அதைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். பிந்திப் போச்சுது எண்டு ஏசினவை. நான் றோலரின் படியில் இருந்து, வேலையாட்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.